எல்லாருக்கும் 18

ஆஸ்பத்திரி வார்ட்டுகளில் கட்டிலோடு கிடக்கிற அட்டைகளைக் கொஞ்சம் ஊன்றிப் பார்த்தால் ஒரு அதிசயம் தெரியும். காய்ச்சல் ஆளுக்கு ஆள் வேறு. நாடி வேறு. பிறசரும் வேறு. மூச்சு மட்டும் எல்லாருக்கும் ஒரே கணக்கு, நிமிடத்துக்கு 18. சில இடங்களில் 20. நேற்று வயிற்றில் ஒப்பரேஷன் செய்த ஐயாவுக்கும் 18, நெஞ்சுச் சளியோடு இழுத்து இழுத்து மூச்சு விடுகிற அம்மாவுக்கும் 18, நாளைக்கு வீட்டுக்குப் போகப்போகிற தம்பிக்கும் 18.

இது நம்மட ஊர்க் கூத்து மட்டும் இல்லை. 2008இல் அவுஸ்திரேலியாவின் மருத்துவச் சஞ்சிகை ஒன்று மூச்சு வீதத்தைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டது. புறக்கணிக்கப்பட்ட உயிர்க்குறி என்று தலைப்பிலேயே சொல்லிவிட்டார்கள். ஒரு மனுஷரின் நிலைமை மோசமாகத் தொடங்கும்போது முதலில் மாறுகிற கணக்குகளில் மூச்சும் ஒன்று. அதை எண்ண மெஷின் தேவையில்லை. ஒரு மணிக்கூடும் ஒரு நிமிடமும் போதும்.

அந்த ஒரு நிமிடம் கிடைக்கிறதில்லை என்பார்கள். நாங்கள் அதை முழுக்க நம்பவில்லை. எண்ணி எழுதின கணக்கைப் பார்த்து யாராவது ஒரு கேள்வி கேட்பார்கள் என்றால் மாணவி எண்ணுவாள். "மூச்சு 28 ஆகிட்டே, ஏன் என்று நினைக்கிறீங்க?" என்று ஒருத்தரும் கேட்கப் போவதில்லை என்று தெரிந்த பிறகு அவள் எதுக்கு எண்ண வேணும்? கட்டத்தை நிரப்பினால் அலுவல் முடிஞ்சுது.

நம்மட சண்டை இந்த 18 உடன்தான். அதை எழுதுகிற மாணவியோடு இல்லை. தாதியம் படிக்க வருகிற பிள்ளைகளின் கையைப் பழக்குகிறோம். ஊசி போடப் பழக்குகிறோம், கட்டில் விரிக்கப் பழக்குகிறோம், காயத்துக்கு மருந்து கட்டப் பழக்குகிறோம். அவர்கள் யோசிக்கிறதை மட்டும் யாரும் பழக்குகிறதில்லை. பிறகு ஏதாவது நடந்துவிட்டால் "மிஸ்ஸி கவனிக்கல்ல" என்று எல்லாப் பழியையும் அவர்கள் தலையில் கட்டுகிறோம்.

வாடியில் படுத்தவரின் வயிற்றுவலி

பேச்சு அந்தரத்தில் தொங்காமல் இருக்க ஒரு கேஸ் எடுப்போம். ஆள் கற்பனை. வருத்தம் நம்மட மண்ணுக்கு நல்லாப் பழக்கமானது.

பெரும்போக அறுவடைக் காலம். படுவான்கரையில் வயல் காவலுக்கு வாடியில் படுத்திருந்த 40 வயது விவசாயி ஒருவர் விடியச் சாமம் 4 மணிக்கு வயிற்றுவலி என்று வருகிறார். ஒருதரம் சத்தி எடுத்திருக்கிறார். காய்ச்சல் இல்லை. பிறசர் சரி. நாடி கொஞ்சம் கூட. ஒட்சிசன் அளவு 98. உடம்பில் காயம் எதுவும் கண்ணுக்குப் படவில்லை. 'கேஸ்றிக்' என்று எழுதி, ஊசி ஒன்று போட்டுப் படுக்க வைத்தாயிற்று. இரவு டியூட்டியில் நிற்கிற மாணவி பிறசரை அளந்து எழுதுகிறாள். அவளுக்குப் பழக்கிவிட்டபடி பார்த்தால் அவளுடைய வேலை அவ்வளவுதான்.

யோசிக்கப் பழகின மாணவி அதோடு நிற்கமாட்டாள். "ராவு எங்க படுத்தீங்க ஐயா?" வாடியில. "கட்டில்லயா, நிலத்திலயா?" நிலத்தில, பாய் போட்டு. இந்த இரண்டு பதிலும் கிடைத்த உடனே வயிற்றுவலியின் முகமே மாறுகிறது. கட்டுவிரியன் இரவில் நடமாடுகிற பாம்பு. நிலத்தில் நித்திரையில் கிடக்கிறவரைத்தான் அது அதிகம் கடிக்கிறது. கடித்த இடத்தில் பெரும்பாலும் வீக்கமும் இருக்காது, வலியும் இருக்காது. பல் தடம் கூடத் தெரியாமல் போகலாம். கடிபட்டது தெரியாமலே ஆள் விடியும்வரை நித்திரை கொள்ளுவார். வயிற்றுவலியும் சத்தியும் முதலில் வரலாம். நரம்பைத் தாக்குகிற விஷம் தன் வேலையைப் பிறகுதான் காட்டும்.

மாணவி முகத்தைப் பார்க்கிறாள். "ஐயா, நல்லா மேல பாருங்க." கண் இமை பாதியில் நிற்கிறது. நித்திரைக் கலக்கம் என்று விட்டுவிடலாம். அவள் விடவில்லை. "ஒரே மூச்சில ஒண்டு, ரெண்டு எண்ணுங்க பாப்பம்." 22 வரைக்கும் எண்ணுகிறார். கால் மணித்தியாலம் கழித்துத் திரும்பவும் எண்ண வைக்கிறாள். இப்போது 14. ஒட்சிசன் மெஷின் இன்னும் 98 என்றே காட்டுகிறது. மூச்சுத் தசைகள் களைத்துக்கொண்டு வருகின்றன. மெஷினில் கணக்கு விழும்வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும். அவள் டொக்டரை எழுப்புகிறாள். "வயிற்றுவலிக்காரருக்கு ஒருக்கா வாங்க" என்று சொல்லவில்லை. "இமை விழுகுது, ஒரே மூச்சில் எண்ணுறது 22இல இருந்து 14க்கு இறங்கிட்டு, நிலத்தில படுத்தவர், பாம்புக்கடியாக இருக்கலாம்" என்கிறாள்.

அவள் செய்ததை ஒருக்கா எண்ணிப் பாருங்கள். ஒட்டியிருந்த பெயரை அப்படியே விழுங்காமல் சந்தேகப்பட்டாள். உடம்பை மட்டும் பார்க்காமல் அந்த மனுஷர் எங்கே படுத்தார் என்று கேட்டாள். ஒரு ஊகம் வைத்தாள். ஊகம் சரி என்றால் இன்னும் என்ன தெரிய வேணும் என்று தேடிப் போனாள். ஒருதரம் அளந்ததோடு விடாமல் திரும்ப அளந்தாள். கடைசியில் மற்றவருக்கு விளங்குகிற மாதிரிச் சொன்னாள். இதைத்தான் பாடப் புத்தகங்கள் கிளினிக்கல் ரீசனிங் என்கின்றன. தமிழில் சிகிச்சைச் சிந்தனை என்று வைத்துக்கொள்வோம். அமெரிக்கத் தாதியப் பேராசிரியர் கிறிஸ்டின் டானர் 2006இல் இதை நாலு படியாகப் பிரித்து எழுதினார்: கவனித்தல், பொருள் காணுதல், செயற்படுதல், செய்ததைத் திரும்ப யோசித்தல். படிகள் கேட்க லேசானவை. ஆனால் இவற்றை மனப்பாடம் பண்ணி வர முடியாது. ஆள் பக்கத்தில் நின்று, கேள்வி கேட்டு, பதிலைத் திருத்தித்தான் வரும்.

மண்முனைத் துறையில் ஒரு காலம் பாதைக்குக் காத்துக் கிடந்தோம். 2014இல் பாலம் திறந்தார்கள். படுவான்கரையில் இருந்து ஆஸ்பத்திரி வாசலுக்கு வருகிற நேரம் குறைந்தது. நல்லது. வாசலுக்குள் வந்த பிறகு, கட்டிலில் கிடக்கிறவருக்கும் அவரைப் பார்க்கிற தாதியின் யோசனைக்கும் இடையில் இருக்கிற தூரத்துக்கு யார் பாலம் போடுவது?

காய்ச்சல் விட்ட சந்தோசம்

இன்னொன்று. டெங்கு. இலங்கையில் 2017இல் மட்டும் 1 லட்சத்து 86 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் டெங்கு சந்தேகத்தில் பதிவானார்கள். மாரி தொடங்கினால் மட்டக்களப்பிலும் வார்ட்டுகள் நிறையும். டெங்குவை எல்லாருக்கும் தெரியும் என்று நினைக்கிறோம். அதில் இருக்கிற பொறியைக் கேட்டால் பாதிப்பேருக்குச் சொல்லத் தெரியாது.

அந்தப் பொறி இதுதான். காய்ச்சல் விடுகிற நேரம்தான் ஆபத்தான கட்டம் தொடங்குகிறது. மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் காய்ச்சல் இறங்கும். தாய்க்குச் சந்தோசம், பிள்ளை சுகமாகிவிட்டது. அந்த நேரத்தில்தான் சிலருக்கு இரத்தக் குழாய்களில் இருந்து நீர் வெளியே கசியத் தொடங்கும். அது ஒரு நாள் தொடக்கம் இரண்டு நாள் வரைக்கும் நடக்கும்.

அட்டையில் என்ன தெரியும்? காலையில் பிறசர் 110/70. மத்தியானம் 100/80. மேல் கணக்கு 100, பயப்பட ஒன்றும் இல்லை என்று கை தானாக எழுதும். யோசிக்கிற மூளை இரண்டு கணக்கையும் கழித்துப் பார்க்கும். காலையில் வித்தியாசம் 40. இப்போது 20. மேலும் கீழும் நெருங்கி வருகிறது என்றால் உடம்பு குழாயை இறுக்கிப் பிடித்து பிறசரைத் தூக்கி வைத்திருக்கிறது. 20க்கு இறங்கினால் அது அதிர்ச்சி நிலை. உடனே கையைத் தொட்டுப் பார்க்க வேணும், குளிர்ந்திருக்கா என்று. நகத்தை அமத்தி விட்டு இரத்தம் திரும்ப எவ்வளவு நேரம் எடுக்குது என்று எண்ண வேணும். கடைசியாக எப்போ சலம் போனது என்று தாயிடம் கேட்க வேணும்.

100/80 என்று சரியாக அளந்து, சரியாக எழுதி, சரியான நேரத்தில் கையெழுத்தும் வைத்த மாணவி மேல் ஒரு குற்றமும் இல்லை. செய்முறைப் பரீட்சையில் அவளுக்கு முழுப் புள்ளி. பிள்ளை மட்டும் ஆபத்தில் கிடக்கும். நம்மட பிரச்சினை முழுவதும் இந்த இடத்தில்தான் இருக்கு. அளக்கிறதுக்குப் புள்ளி கொடுக்கிறோம். கழித்துப் பார்க்கிறதுக்குக் கொடுக்கிறதில்லை.

போன வருசத்துக் கோப்பு

"அதுக்குத்தானே பராமரிப்புத் திட்டம் எழுத வைக்கிறோம்" என்று யாராவது சொல்லலாம். சரி, அதையும் பார்ப்போம்.

தாதியச் செயன்முறை என்று ஐந்து படி உண்டு: மதிப்பிடு, பிரச்சினையை இனங்காண், திட்டமிடு, செய், விளைவைப் பார். கொள்கையளவில் அருமையான விசயம். நடைமுறையில் அது என்னவாகிறது என்று தாதியம் படிக்கிற தோழிகளிடம் தனியாகக் கேட்டுப் பாருங்கள். போன பேட்ச் அக்காவின் கோப்பு வாட்ஸ்அப்பில் வரும். வலி, காய்ச்சல், நித்திரைக் குறைவு, தொற்று வரும் அபாயம். இந்த நாலும் எந்த நோயாளிக்கும் பொருந்தும். கட்டில் இலக்கத்தை மாற்றினால் திட்டம் தயார். பக்கங்கள் 20, கோடு போட்ட அட்டவணை, சிவப்புப் பேனையால் தலைப்பு. அந்த 20 பக்கத்திலும் அந்த நோயாளி இல்லை. அவர் வாடியில் படுத்தவரா, தோணியில் போகிறவரா, வீட்டில் அவருக்குச் சமைத்துக் கொடுக்க ஆள் இருக்கா, எதுவும் இல்லை.

பிள்ளைகள் கள்ளம் செய்கிறார்கள் என்று இதைச் சொல்லவில்லை. அழகாக எழுதினதுக்குத்தான் புள்ளி என்றால் அழகாகத்தான் எழுதுவார்கள். ஒரு வாய்க் கேள்வி போதும் இந்த முழு ஏமாத்தையும் உடைக்க: "உங்கட நோயாளிக்கு அடுத்த 6 மணித்தியாலத்தில் என்ன பிழைக்கலாம் என்று பயப்படுறீங்க?" கோப்பைப் பார்த்து எழுதினவர் இதுக்குப் பதில் சொல்லமாட்டார். நோயாளியைப் பார்த்தவர் சொல்லுவார்.

வார்ட்டுகளில் 'ஏன்' என்ற சொல் இல்லாமல் இல்லை. நிறைய இருக்கு. ஏன் லேட்? ஏன் கையெழுத்து இல்லை? ஏன் கட்டில் விரிப்பு இப்படி? எல்லாம் குற்றம் பிடிக்கிற ஏன். "ஏன் அப்படி நினைக்கிறீங்க?" என்ற ஏன் மட்டும் காதில் விழுவது அபூர்வம். மாணவி திருப்பிக் கேட்டால் வாய்க்காரி. இரண்டு தரம் கேட்டால் மேல் வகுப்பு வரைக்கும் பெயர் போய்விடும். மூன்று வருசமோ நாலு வருசமோ "ஓம் மேடம், ஓம் சேர்" என்று வளர்ந்த பிள்ளை, ஒரு நாள் இரவு 4 மணிக்கு டொக்டரை எழுப்பி "எனக்கு இது பாம்புக்கடி மாதிரித் தெரியுது" என்று சொல்ல வேணும் என்று எதிர்பார்க்கிறோம். அந்தத் தைரியம் எங்கே இருந்து வரும்? மாமரத்தில் இருந்தா?

"யோசிக்கிறது டொக்டரின் வேலை"

இதுதான் எதிர்ப்பக்கத்தின் பெரிய துருப்பு. நோயைக் கண்டுபிடிப்பது வைத்தியரின் வேலை, தாதி சொன்னதைச் செய்தால் போதும், ஆளாளுக்கு யோசித்தால் குழப்பம்தான் மிச்சம் என்பார்கள்.

வார்ட்டின் நேரக் கணக்கைப் பாருங்கள். கன்சல்டன்ட் காலையில் சுற்றி வருகிறபோது ஒரு கட்டிலுக்குச் சில நிமிடம். ஹவுஸ் ஒஃபிஸர் ஓடி ஓடி வருவார். 24 மணித்தியாலமும் அந்தக் கட்டிலைச் சுற்றி நிற்கிறவர்கள் தாதியர்தான். நிலைமை மாறுகிற நேரம் யார் பக்கத்தில் நிற்கிறாரோ அவர் கவனிக்காவிட்டால், வைத்தியரின் மூளை எவ்வளவு கூர்மையாக இருந்தும் பலன் இல்லை. வைத்தியரைக் கூப்பிட வேணுமா இல்லையா என்று முடிவெடுப்பதே யோசனைதானே. "தாதி யோசிக்கத் தேவையில்லை" என்கிறவர், அந்த முடிவைத் தற்செயலிடம் ஒப்படைக்கிறார்.

கணக்கு வேணுமா? 2014இல் லான்செட் சஞ்சிகையில் லிண்டா ஐக்கனும் சகாக்களும் ஐரோப்பாவின் 9 நாடுகளில், 300 ஆஸ்பத்திரிகளில், சத்திரசிகிச்சை செய்த 4 லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளை வைத்து ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். ஒரு தாதியின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினால், 30 நாளுக்குள் இறக்கிற சாத்தியம் 7 வீதம் கூடுகிறது. பட்டம் படித்த தாதியரின் பங்கு 10 வீதம் கூடினால் அந்தச் சாத்தியம் 7 வீதம் குறைகிறது. பட்டச் சான்றிதழை நோயாளியின் தலைமாட்டில் மாட்டிவிட்டதால் யாரும் பிழைக்கவில்லை. படிப்பு கொடுக்கிற ஏதோ ஒன்று கட்டிலருகே வேலை செய்கிறது. அது யோசனையாகத்தான் இருக்க வேணும். பட்டத்தைக் கொடுத்துவிட்டு, வார்ட்டில் "சும்மா சொன்னதைச் செய்யுங்க" என்று வாயை மூடினால் அந்தப் பட்டத்துக்கு என்ன அர்த்தம்?

நம்மட இடத்தில் இரண்டு வழியும் இருக்கு. சுகாதார அமைச்சின் தாதியர் பயிற்சிக் கல்லூரி இருக்கு. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சௌக்கிய பராமரிப்பு விஞ்ஞானங்கள் பீடத்தில் தாதியப் பட்டப்படிப்பும் மருத்துவப் படிப்பும் ஒரே கூரையின் கீழ் இருக்கு. டிப்ளோமாவா டிகிரியா, யார் பெரிசு என்ற சண்டையில் எங்களுக்கு அக்கறை இல்லை. எந்தப் பிள்ளையிடம் யார் தினமும் "ஏன் அப்படி நினைக்கிறீங்க" என்று கேட்கிறார்கள் என்பதில்தான் அக்கறை.

மூத்த மிஸ்ஸிக்குத் தெரியும்

ஒரு நியாயத்தைச் சொல்லியாக வேணும். ஒவ்வொரு வார்ட்டிலும் ஒரு மூத்த மிஸ்ஸி இருப்பார். கதவடியில் நின்று ஒரு பார்வை பார்ப்பார். "அந்த ஆறாம் கட்டில் ஐயா சரியில்ல, டொக்டரக் கூப்பிடுங்க." பிறசர் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். அரை மணித்தியாலத்தில் அவர் சொன்னது நடக்கும். பற்றீசியா பென்னர் 1984இல் எழுதின நூல் இதைத்தான் ஆராய்ந்தது. புதியவர் விதியைப் பிடித்துக்கொண்டு நடப்பார். அனுபவசாலி முழு நோயாளியையும் ஒரே பார்வையில் காண்பார்.

பிரச்சினை என்னவென்றால், எதைப் பார்த்துச் சொன்னீங்க என்று மூத்த மிஸ்ஸியிடம் யாரும் கேட்கிறதில்லை. முகத்தின் நிறமா, நெற்றி வேர்வையா, நேற்றுப் பேசினவர் இன்று பேசாமல் கிடக்கிறதா, கையைப் போர்வையில் வைத்துப் பிசைகிறதா? கேட்டால் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொல்லுவார். அந்தப் பதில்தான் பாடம். கேட்காததால் அது அவரோடேயே ஓய்வு பெறுகிறது. 2022 நெருக்கடிக்குப் பிறகு வெளிநாட்டுக்குப் போன தாதியரை நாங்கள் தலைக்கணக்கில்தான் எண்ணுகிறோம். அவர்களோடு போன 20 வருசப் பார்வையை எந்தப் பதிவேட்டில் எழுதினோம்?

"அதெல்லாம் அனுபவத்தில வரும்" என்று சொல்லி இதை மூடுகிறவர்களும் உண்டு. அனுபவம் தானாக ஒன்றும் சொல்லித்தராது. 20 வருசம் 18 எழுதினவருக்கு 20 வருசம் 18 எழுதின அனுபவம்தான் இருக்கும்.

"மேல் அலுப்பு" என்றால் ஆங்கிலத்தில் என்ன?

இனி ஒருத்தரும் பேச விரும்பாத விசயம். மொழி.

பாடம் ஆங்கிலத்தில். குறிப்பு ஆங்கிலத்தில். நோயாளி பேசுவது மட்டக்களப்புத் தமிழில். "புள்ள, விடிஞ்சதில இருந்து மேலெல்லாம் ஒரே அலுப்பு. ஒரு மாதிரிக் கிடக்கு. சாப்பாடு பிடிக்குதில்ல" என்று சீனி வருத்தக்கார அம்மம்மா சொல்லுவார். மாணவி இதை ஆங்கிலத்துக்கு மாற்றி 'உடல் பலவீனம்' என்ற பொருளில் ஒரு சொல் எழுதுவாள். எழுதின உடனே அந்த அம்மம்மா சொன்னதில் முக்கால்வாசி செத்துப்போகும். 'விடிஞ்சதில இருந்து' என்றால் இது புதுசு, திடீரென்று வந்தது. 'ஒரு மாதிரி' என்றால் வழக்கமான களைப்பு மாதிரி இல்லை என்று அவரே சொல்கிறார். நெடுநாள் சீனி வருத்தம் உள்ளவருக்கு நெஞ்சுவலி இல்லாமலே மாரடைப்பு வரலாம். களைப்பும் வேர்வையும் ஓங்காளமும்தான் அடையாளமாக இருக்கலாம். 'ஒரு மாதிரி' என்ற சொல்லைக் கேட்ட உடனே ஈ.சி.ஜி. எடுக்கச் சொல்லிக் கேட்க வேணும் என்று எந்த ஆங்கிலப் புத்தகமும் சொல்லித்தராது. நம்மட பேச்சுத் தமிழைக் கேட்டு யோசிக்கப் பழகினவருக்குத்தான் அது தெரியும்.

ஆங்கிலம் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. உலகத்தின் ஆய்வுகள் ஆங்கிலத்தில் இருக்கு, படிக்கத்தான் வேணும். ஆனால் இரண்டாம் மொழியில் வாக்கியம் அமைக்கிற பாட்டிலேயே மூளை களைத்துப்போகிற பிள்ளையிடம் "உரக்க யோசி" என்று ஆங்கிலத்தில் கேட்டால் அவள் வாய் திறக்கமாட்டாள். அவளுக்கு யோசனை இல்லை என்று நாங்கள் முடிவு கட்டிவிடுவோம். கட்டிலருகே தமிழில் யோசிக்கட்டும், தமிழில் விவாதிக்கட்டும். பிறகு ஆங்கிலத்தில் எழுதட்டும். மொழியையும் யோசனையையும் ஒரே நேரத்தில் பரீட்சை வைக்காதீர்கள். சிங்களம் பேசுகிற மாணவரும் நம்மட வார்ட்டுகளுக்கு வருகிறார்கள். அவர்களுக்கு 'சத்தி', 'சலம்', 'மேல் அலுப்பு' என்ற சொற்களை முதல் மாதமே சொல்லிக்கொடுங்கள். அதுவும் சிகிச்சைச் சிந்தனைதான்.

தமிழில் முடியுமா என்று சிரிக்கிறவர்களுக்கு இரண்டு பெயர். அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1860களில் மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்தார். உடற்கூற்றியலும் சத்திரசிகிச்சையும் தமிழ்ப் புத்தகங்களாக வந்தன. கல்லடியில் துயில்கிற விபுலாநந்த அடிகள் 1930களில் சென்னையில் நடந்த கலைச்சொல்லாக்கப் பணிக்குத் தலைமை கொடுத்தார். அவருக்கு விழா எடுக்கிறோம், மாலை போடுகிறோம். ஒரு வார்ட்டில் தமிழில் ஒரு 'ஏன்' கேட்கிறதுக்கு நாங்கள் தயாரில்லை.

நேரமில்லை, ஆளில்லை, பொம்மை வாங்கித் தாங்க

ஆள் பற்றாக்குறை உண்மை. இரவு டியூட்டியில் ஒரு தாதி எத்தனை கட்டிலைப் பார்க்கிறார் என்று நோயாளியோடு போய் நின்றவர்களுக்குத் தெரியும். மேலே சொன்ன ஐரோப்பிய ஆய்வும் அதைத்தான் சொல்கிறது, சுமை கூடினால் உயிர் போகும். ஆகவே தாதியரைக் கூட்டு, வார்ட்டில் மாணவரோடு மட்டும் நிற்கிற பயிற்றுநரை நியமி என்ற கோரிக்கையில் நாங்கள் தாதியரோடு நிற்கிறோம். வேலைநிறுத்தம் என்றால் உடனே அவர்களைத் திட்டுகிறவர்களோடு நாங்கள் இல்லை. ஆனால் ஆள் வரும்வரை மாணவரை இலவச வேலைக்காரராக ஓட விட்டுவிட்டு அதைப் பயிற்சி என்று சொல்வதை ஏற்க முடியாது.

மற்றப் பக்கம் பொம்மை வியாபாரம். பேசுகிற, மூச்சு விடுகிற, விலை கேட்டால் தலை சுற்றுகிற பயிற்சிப் பொம்மைகள் வந்திருக்கு. வாங்க முடிந்தால் வாங்குங்கள், கூடாது என்று இல்லை. ஆனால் பொம்மையோடு நடக்கிற பயிற்சியில் பெரும் பயன் அதுக்குப் பிறகு உட்கார்ந்து பேசுகிற நேரத்தில்தான் வருகிறது. என்ன பார்த்தாய், என்ன நினைத்தாய், எதை விட்டாய் என்ற பேச்சு. அந்தப் பேச்சுக்கு ஒரு சதமும் செலவில்லை. அதை இன்றைக்கே ஒரு வாங்கில் இருந்து செய்யலாம். அதைச் செய்யாத இடத்துக்குப் பொம்மை வந்தால் திறப்பு விழாப் படம் எடுத்து, பொலித்தீன் கழற்றாமல் பூட்டி வைப்பார்கள்.

என்ன செய்யலாம்

குறை சொல்லிவிட்டு ஓடுகிற எண்ணம் இல்லை. பெரிய காசு தேவைப்படாத ஐந்து விசயம்.

ஒன்று, வார்ட்டில் நிற்கிற ஒவ்வொரு மாணவரிடமும் நாளைக்கு ஒரு நோயாளியைப் பற்றி ஐந்து நிமிடம் பேசுங்கள். மூன்று கேள்வி போதும். என்ன கவனித்தீங்க? அது ஏன் என்று நினைக்கிறீங்க? அடுத்து என்ன நடக்கலாம்? பிழையான பதிலுக்குத் திட்டு இல்லை.

இரண்டு, டியூட்டி மாறும்போது மாணவரைப் பேச விடுங்கள். நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை என்று நாலு பகுதியாகச் சொல்கிற முறை அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிகளில் இருந்து ஆஸ்பத்திரிகளுக்கு வந்தது. முதல் இரண்டையும் நம்மட பிள்ளைகள் நல்லாச் சொல்லுவார்கள். மூன்றாவதில் குரல் இறங்கும். நாலாவதில், "இதைச் செய்ய வேணும் என்று நினைக்கிறேன்" என்ற இடத்தில், வாய் மூடிவிடும். அந்த நாலாவதுக்குத்தான் பயிற்சி வேணும்.

மூன்று, 20 பக்கப் பராமரிப்புத் திட்டத்தை ஒரு பக்கமாக்குங்கள். முதல் வரி நோயாளி சொன்ன சொல், அவர் சொன்ன தமிழிலேயே.

நாலு, பரீட்சைத் தாளில் நோயாளியின் கதையைத் துண்டு துண்டாகக் கொடுங்கள். 4 மணிக்கு இது, 4.15க்கு இது. ஒவ்வொரு துண்டுக்கும் என்ன நினைக்கிறீங்க, ஏன் மாற்றினீங்க என்று கேளுங்கள். காரணத்துக்குப் புள்ளி கொடுங்கள்.

ஐந்து, ஒரே பீடத்தில் படிக்கிற மருத்துவ மாணவரும் தாதிய மாணவரும் கிழமைக்கு ஒருக்கா ஒரே நோயாளியைச் சேர்ந்து பார்த்துப் பேசட்டும். இன்றைக்கு ஒரே வாங்கில் இருந்து வாதாடினவர்கள் நாளைக்கு இரவு 4 மணிக்கு ஒருவரை ஒருவர் எழுப்பக் கூச்சப்படமாட்டார்கள்.

வாசிக்கிற உங்களுக்கும் ஒன்று. உங்கட வீட்டில் யாராவது தாதியம் படிக்கப் போனால் "ஊசி போடுற வேலைதானே" என்று சொல்லாதீர்கள். ஆஸ்பத்திரியில் ஆள் நிற்கும்போது மிஸ்ஸியிடம் "மருந்து குடுத்தாச்சா" என்று மட்டும் கேட்காமல், "நீங்க என்ன நினைக்கிறீங்க மிஸ்?" என்றும் ஒருக்கா கேளுங்கள். முதலில் திகைப்பார்கள். அவர்களிடம் இதை யாரும் கேட்டுப் பழக்கமில்லை. கேட்கத் தொடங்குங்கள்.